காயாத நீலம்

தம்புசாமிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டேயிருக்கும். கிள்ளானில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் வேலை, வார இறுதியில் நாகையாவின் இசைக்குழுவில் கிட்டார். இரண்டும் சேர்ந்து அவனை ஓட வைத்துக்கொண்டிருந்த வரைக்கும் வீட்டில் பிரச்சினை இல்லை. எண்பத்தாறில் தொழில்கள் படுத்தபோது தொழிற்சாலை ஆள் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் அவனும் ஒருவன்.

மனைவி இந்திரா ஷா ஆலத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவள் போகும்போது தம்புசாமியும் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பான்.

“இன்னிக்கி எங்க?” என்பாள்.

“போர்ட்டுக்கு. கூடாங்குல ஆள் எடுக்கிறாங்களாம்.”

முதல் வாரம் உண்மையிலேயே போனான். துறைமுகத்தில் கூடாங்கு என்று சொல்லும் ஒவ்வொரு கிடங்கின் வாசலிலும் அவனைப் போலவே பத்துப்பேர் நின்றார்கள். கணக்கெழுதும் கிராணி யாராவது வந்து, ஆள் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுப் போவான். பேசத் துணையில்லாமல் அப்படி வெயிலில் நிற்பதுதான் அவனால் முடியவில்லை. இரண்டாம் வாரம் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பிவிட்டான். வீட்டு முன்பக்கம் இருந்தால் அக்கம்பக்கத்தில் “இன்னிக்கி வேலைக்குப் போகலியா?” என்று கேட்பார்கள். பின்கட்டுக்குப் போனான். அங்கே என்ன செய்வது? கிட்டாரை எடுத்தான்.

பழைய கிட்டார் அது. யாரிடமோ இருந்து யாரிடமோ வந்து அவனிடம் சேர்ந்தது. உடம்பெல்லாம் வெள்ளைச் சாயம் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கம்பிகளைக் கழற்றினான். கழுத்தைப் பிடித்திருந்த திருகுகளைக் கழற்றினான். அரைநாளில் அது கட்டையும் ஒயருமாகப் பிரிந்து பாயில் கிடந்தது. உப்புத்தாள் போட்டு மரம் தெரியும் வரை தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க நெஞ்சுக்குள் இருந்த அரிப்பு கொஞ்சம் அடங்கியது போலிருந்தது.

சாயக்கடை முதலாளியான சீனத் தவுக்கே ஸ்பிரே டின்களை எடுத்து வைத்துவிட்டு மலாயும் சைகையுமாகச் சொன்னார். மெல்லிசாக அடிக்க வேண்டும். காய விட வேண்டும். அப்புறம்தான் அடுத்த பூச்சு. மழை வருகிற மாதிரி இருந்தால் டின்னைத் தொடவே கூடாது. எல்லாம் முடிந்தபிறகு பல நாள் அப்படியே தொங்கவிட்டுவிட வேண்டும். “சபார்லா பாஸ்,” என்று சிரித்தார். பொறுமையாம். தம்புசாமியிடம்.

துணி காயப்போடும் கம்பியில் கிட்டார் உடம்பை மாட்டித் தொங்கவிட்டு நீலம் அடித்தான். ஒரு பூச்சு அடித்துவிட்டு உட்கார்ந்தான். எழுந்து போய்ப் பார்த்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். விரலால் தொட்டான், ரேகை பதிந்தது. அதை மறைக்க இன்னொரு பூச்சு அடித்தான், அது வழிந்து கோடாக இறங்கியது. கோட்டைத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தபோது மேகம் கறுத்திருந்தது. அடித்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் நீலமெல்லாம் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாற்போல வெளுத்துப்போனது. அடுத்த நாள் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். சாயங்காலம் இந்திரா கொடியிலிருந்து துணி எடுத்தாள். தொழிற்சாலைக்குப் போட்டுப்போகும் வெள்ளை மேலங்கியை விரித்துப் பிடித்தபடி நின்றாள். முதுகெல்லாம் நீலப் பொட்டுகள்.

“காலையில துவைச்சுப் போட்டுட்டுப் போனேன். இது எப்ப ஆச்சு?”

தம்புசாமி நீலம் படிந்த விரல்களைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

“நீங்க காலையில போர்ட்டுக்குத்தான போனீங்க?”

“போனேன்… வந்துட்டேன்.”

“என்னைக்கிலேர்ந்து வந்துட்டிருக்கீங்க?”

அவன் கால் ஆடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, “வேலை போனதுக்கு நான் ஒரு வார்த்தை கேட்டேனா? தினம் காலையில சட்டையப் போட்டுக்கிட்டு நின்னீங்களே, அதுதாங்க தாங்கல,” என்றாள். குழாயடியில் உட்கார்ந்து மேலங்கியைத் தேய்க்க ஆரம்பித்தாள். நீலம் போகவில்லை.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் நாகையா வந்து இறங்கினார். பிரிக்பீல்ட்ஸில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேயே ஒரு மண்டபத்தில் கல்யாண விருந்து, கச்சேரி ஒப்புக்கொண்டாயிற்று, இன்னொரு கிட்டார்க்காரன் ஈப்போவுக்குப் போய்விட்டான்.

“நீ வர்றேல்ல தம்பு? உன் கிட்டார் எங்க?”

தம்புசாமி பின்கட்டைக் காட்டினான். கசாப்புக் கடை ஆடு மாதிரி கம்பியில் தொங்கியது.

“அடப்பாவி! ஞாயித்துக்கெழமைக்குள்ள காயுமாடா இது?”

“காஞ்சிரும்ணே. கவலைப்படாதீங்க.”

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூச்சுக்கு மேல் பூச்சாக அடித்தான். மேசை மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தான். வெயில் நகர நகரக் கிட்டாரையும் நகர்த்தினான். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பளபளவென்று முகம் பார்க்கலாம். ஞாயிறு மத்தியானம் கழுத்தைப் பூட்டிக் கம்பி ஏற்றினான். இந்திரா தானும் வருவதாகச் சொல்லிப் புடவை கட்டிக்கொண்டாள். இருவரும் பஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

மேடை விளக்குகள் அனலாய் அடித்தன. குழுவுக்கு முழுக்கை வெள்ளைச் சட்டை. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டில் தம்புசாமி வழக்கம்போலத் துள்ளித் திரும்பப் பார்த்தான். வலதுகை வரவில்லை. மேலே மட்டும் தோல் கட்டி, உள்ளே காயாமல் கிடந்த நீலம் சூட்டில் இளகிச் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டுவிட்டது. இழுத்தால் பிசினைப் பிய்க்கிற சத்தம். ஒலிவாங்கியில் கேட்டுவிடுமோ என்று அவனுக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்க இன்னும் ஒட்டியது.

வேறு வழியில்லை. முழங்கையை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் வைத்து வாசித்தான். மேடையை ஒரு சுற்று சுற்றாமல் அவன் வாசித்ததேயில்லை. அன்றைக்கு ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நின்றான். ஓட முடியாது, நழுவ முடியாது. நிற்கத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தில் தாளம் அவன் காதில் தெளிவாக விழுந்தது. இத்தனை வருஷமாகத் தான் எப்போதும் ஒரு இழை முந்திக்கொண்டே வாசித்து வந்திருப்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

“என்னடா இன்னிக்கி இவ்ளோ அடக்கம்?” என்று பாட்டுகளுக்கு நடுவே நாகையா குனிந்து கேட்டார். “நல்லாத்தான் இருக்கு.”

இடைவேளையில் கிட்டாரோடு மேடைக்குப் பின்னால் போய் நின்றான். இந்திரா வந்து பார்த்தாள். விஷயம் புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. தோள்கள் குலுங்கியபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

“ஆட்டாதீங்க. அப்படியே நில்லுங்க.”

சட்டைத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக, காயத்தில் ஒட்டின கட்டுத்துணியைப் பிரிப்பது போலப் பிரித்தாள். அவன் கையை அசைக்காமல் நின்றான்.

“நாளைக்கு?” என்றாள் தலை நிமிராமல்.

“போறேன்.”

“எங்க?”

“போர்ட்டுக்கு. நெஜமா.”

“நானும் வரேன். லீவு சொல்லிட்டேன்.”

“எதுக்கு? நான் ஓடிர மாட்டேன்.”

“தெரியும்லா. தனியா நிக்கிறதுதான உங்களுக்கு முடியல.”

இதை அவன் அவளிடம் சொன்னதேயில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் நாகையா கூப்பிட்டார்.

திங்கட்கிழமை இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். இந்திரா குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் அவனோடு நின்றாள். அன்று வேலை கிடைக்கவில்லை. அந்த வாரக் கடைசியில், ஒரு கிடங்கில் லோரிக்குச் சாமான் ஏற்றும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கிட்டாரில் சட்டைத் துணியின் நெசவு அப்படியே பதிந்து நின்றுவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்று தம்புசாமி துடித்தான். இந்திரா உப்புத்தாளை எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். நாகையா குழுவில் கீபோர்டு வந்து கிட்டாருக்கு வேலை இல்லாமல் போகும் வரை, தொண்ணூறுகளிலும் அதையேதான் வாசித்தான். கிடங்கில் ஒரு வருஷத்துக்கு மேலேயே தாக்குப்பிடித்தான். அவனைத் தெரிந்தவர்கள் அதைத்தான் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள்.