பத்து நிமிடம் ஓடவிட்ட இஞ்சின்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு ‘டார்ச்’ என்றுதான் பெயர். ஆயில் மாற்ற எந்த வண்டி வந்தாலும் முதலில் இஞ்சினின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு மேஜை போட்டு என்னை உட்காரவைத்திருக்கிறார். பதினொரு வருடம் அங்கே உட்கார்ந்ததில், இந்தத் தொழிலில் எனக்கும் எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு வந்துவிட்டது.

இஞ்சின் ஃப்ளஷ் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள். பழைய ஆயிலோடு அதை ஊற்றி, வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளே படிந்த கசடு கரையும். அப்புறம் மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். இவருக்கு அந்தப் பாட்டிலைக் கண்டாலே ஆகாது. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்கு அது தேவையில்லை, மாற்றாத வண்டிக்கு அது ஆபத்து என்பார். அவர் ஒரே மூச்சில் பேசுகிற நீளமான வாக்கியம் அநேகமாக அது ஒன்றுதான்.

என் அண்ணன் வாடகை வேன் ஓட்டுகிறான். இது நடப்பதற்கு எட்டு மாதம் முன்புதான் பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தான். குடும்பமே அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு நாள் காலையில் ஃப்ளஷ் பாட்டிலோடு வந்து, ஆயில் மாற்றும்போது இதையும் ஊற்றச் சொன்னான். இவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். உள்ளே கறுப்பாகத் தடித்துப் படிந்திருக்கிறது, பெயர்ந்து வந்தால் ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைத்துவிடும், அதற்குப் பதில் ஆயிலை இரண்டு தடவை சீக்கிரம் சீக்கிரமாக மாற்றினால் தானாகக் கரையும் என்றார். அண்ணன் முகம் தொங்கிப்போனது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டு ஆட்கள் எதைக் கேட்டாலும் இவருக்கு முடியாதுதான் என்று குத்திக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாட்டிலைத் திறந்தார்.

அண்ணன் டீ குடிக்கப் போனான். இவர் ஃப்ளஷ்ஷை ஊற்றி இஞ்சினை ஓடவிட்டார். அண்ணன் வாங்கி வந்த ஃபில்டர் அளவு சேரவில்லை. அதை மாற்றி வர நாலு கடை தள்ளியிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். நான் அப்போது போனில் இருந்தேன், கவனிக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் அண்ணன் ஓடி வந்தான். விமான நிலையம் போகிற பயணிகள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டுமாம். வேலை முடிந்ததா என்று கேட்டான். வேனுக்குப் பக்கத்தில் தட்டு நிறையக் கறுப்பு ஆயில் இருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புது ஆயில் ஊற்றிய பிறகும் கசிவு பார்க்கக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது இவர் வழக்கம். நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

“முடிஞ்சிருச்சுண்ணா, நீ எடுத்துட்டுக் கிளம்பு” என்றேன்.

அடுத்த மூன்றாவது நிமிடம் இவர் புது ஃபில்டரோடு வந்து காலி இடத்தைப் பார்த்தார். “வண்டி எங்க?” தட்டில் இருந்தது முந்தைய காரின் ஆயில் என்று அப்போதுதான் சொன்னார்.  ஃப்ளஷ் கலந்து இளகிப்போன ஆயிலோடு, பயணிகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் இஞ்சின் கதை முடிந்தது. அண்ணன் கதையும்தான்.

வண்டி ஓட்டும்போது அண்ணன் போன் எடுக்கவே மாட்டான். இவர் ஸ்கூட்டரை எடுக்க, நான் பின்னால் உட்கார்ந்து விடாமல் அவனுக்கு போன் அடித்துக்கொண்டே போனேன். பயணிகளை ஏற்றப் போவதாக அண்ணன் சொன்ன அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, வேன் இப்போதுதான் கிளம்பியது என்றார். சிக்னலில் சிவப்பு.   பச்சை விழுந்ததும் இவர் நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் பெட்ரோல் பங்க் பக்கம் திருப்பினார். தூரப் பயணம் என்றால் அண்ணன் டயரில் காற்றுப் பார்க்காமல் போகமாட்டான். அவன் கூடப் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை.

வேன் அங்கேதான் நின்றது. பயணிகளுக்காக ஏசி ஓட, இஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் முன்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது. இவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்.

உள்ளே நாலு பேர், மடியில் பைகளோடு. அண்ணன் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு வந்தான். “என்ன மாப்ள பண்றீங்க?”

“ஆயில் இன்னும் மாத்தல மச்சான். வேலை முடிஞ்சதுன்னு நான்தான் இவகிட்ட சொல்லிட்டுப் போனேன். மறந்துட்டேன்.”

ஒரு போல்ட்டைக்கூட மறக்காத மனிதர் நாலு பேர் முன்னால் அதைச் சொன்னார். அண்ணன் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டான். பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு வந்தும் விடவில்லை. தங்கை முகத்துக்காகத்தான் இவரிடம் வண்டியை விட்டானாம், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டானாம். நான் வாயில் பிளாஸ்திரி ஒட்டியதுபோல நின்றேன். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருந்தது.

வேனைக் கட்டியிழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். இஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினால், வலையில் பாதிக்கு மேல் கறுப்புக் கூழ். அதைக் கழுவிப் பூட்டி, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினார். விளக்கு அணைந்தது. இஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அவரு என்கிட்ட பேசலைன்னா எனக்கொண்ணும் இல்ல. உன்கிட்ட பேசலைன்னா நீ தாங்கமாட்ட.”

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. நேராக வாசலுக்குப் போனேன்.

“அண்ணா, அவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. முடிஞ்சிருச்சுன்னு நானாதான் சொன்னேன்.”

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து உள்ளே போய், இவர் ஈரக் கையைப் பிடித்து என்னவோ சொன்னான். சாவியை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. வேன் இங்கேதான் வருகிறது. எந்த ஆயில், எப்போது மாற்றுவது என்று இவர் சொல்வதுதான் அண்ணனுக்கு. சாவியை என் மேஜையில் வைக்காமல் உள்ளே போய் இவர் கையில் கொடுப்பான். இவருக்கு மட்டும் ஒரு டீ வாங்கி வருவான். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அவன் வருகிற நாளில் நான் மேஜையை விட்டு நகர்வதில்லை.