வலது தோளில் விழுந்த தாவணி

பொன்மணி சிவகாசியில் சொந்தமாக லேபிள் டிசைன் கடை திறந்தது 2006ஆம் ஆண்டு சித்திரையில். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டி வளர்ந்தவள். பிறகு ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பழகியவள். தீபாவளி சீசனுக்குள் பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் அச்சகத்துக்கே கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வைகாசியில் ஆர்டர் வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் உக்கிரபாண்டி, வேறொரு கம்பெனியின் மத்தாப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். லேபிளில் தாவணிப் பெண் ஒருத்தி மத்தாப்புப் பிடித்துச் சிரித்தாள்.

“தாயி, இந்தப் பிள்ளைய ஸ்கேன் பண்ணி, அங்கிட்டுப் பாத்தாப்புல திருப்பிப் போட்டுரு. பேர மட்டும் மாத்திக்கிடுவோம். சீசனுக்கு அம்புட்டு லேபிளும் ஒனக்குத்தான்.”

கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் படம் புதுப்படம் ஆகிவிடும் என்று ஊரில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மவுசை ஒருமுறை அழுத்தினால் முடிகிற வேலை.

“அடுத்தவுக வரைஞ்சதைத் திருப்பிப் போட்டாலும் களவுதானே அண்ணாச்சி? நான் புதுசா வரைஞ்சு தாரேன்.”

“புது மூஞ்சிய எவன் வாங்குவான்? கம்ப்யூட்டரு என்ன, கோர்ட்டுல ஏறிச் சாட்சியா சொல்லப்போவுது?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரிலிருந்த இன்னொரு டிசைன் கடைக்குப் போய்விட்டார். “வந்த லட்சுமியை வாசலோட அனுப்பிட்டு ஒக்காந்திருக்கா பாரு” என்று பொன்மணியின் கணவன் மாரிக்கண்ணன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். ஆனி முழுக்கக் கடைக்கு வந்தவை கல்யாணப் பத்திரிகைகள் மட்டுமே. அவள் அசையவில்லை.

ஆடியில் உக்கிரபாண்டியின் முதல் லோடு கடைகளுக்குப் போனது. பின்னாலேயே அசல் படத்துக்குச் சொந்தமான கம்பெனியின் வக்கீல் நோட்டீசும் வந்தது. வக்கீல் ஆபீசுக்கே போய், படம் தன் ஆள் சொந்தமாக வரைந்தது என்று அவர் சாதித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஹெப்சிபா லேபிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எந்த ஊருல பொம்பளப் பிள்ளை வலது தோள்ல தாவணி போடுது? மத்தாப்பும் இடது கையில. மனுஷன் வரைஞ்சா இப்பிடியா வரைவான்? மிஷினு திருப்பிப் போட்டிருக்கு.”

உக்கிரபாண்டி தன் லேபிளை வாங்கி உற்றுப் பார்த்தார். எல்லா லேபிளையும் கிழித்துவிடுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் உக்கிரபாண்டி பொன்மணியின் கடைக்கு வந்து நின்றார். “சரக்கெல்லாம் மொட்டைப் பெட்டியில கெடக்கு தாயி. நீயே ஒண்ணு வரைஞ்சு குடு.”

தங்கை ரோஜாவை எதிரில் நிறுத்தி, அவளுடைய தெத்துப்பல் சிரிப்பைக்கூட விடாமல் பொன்மணி வரைந்தாள். தாவணி இடது தோளில் கிடந்தது. உக்கிரபாண்டி திரையருகே குனிந்து பார்த்தார்.

“உசுரோட சிரிக்குதே! அது சரி, அடியில பொடி எழுத்துல ‘வரைந்தவர் பொன்மணி’ன்னு எதுக்கு?”

“நாளைக்கு எவனாச்சும் திருப்பிப் போட்டா, எழுத்தும் சேந்து திரும்புமுல்ல அண்ணாச்சி!”

அவர் சிரித்துக்கொண்டே அச்சுக்குச் சம்மதித்தார். அந்தச் சீசனில் உக்கிரபாண்டியின் கம்பெனியிலிருந்து போன ஒவ்வொரு மத்தாப்புப் பெட்டியிலும் அவள் பெயர் போனது.