நெடுங்கேணியில் பலகாரம் மாற்றிய மத்தியானம்

தீபாவளிக்கு ஆளுக்கொரு பலகாரம் சுட்டுவந்து மாற்றிக்கொள்வோம் என்று தெருப் பெண்கள் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பியவள் நான்தான்.

இன்று காலை கடை திறக்கும்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு ராணியக்காவின் கணவர் தவறி நாலு மாதம். ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள். அவரோ "வாறன்" என்று பதில் போட்டிருந்தார்.

மத்தியானம் என் வீட்டில் கூடும்போது வெறுங்கையோடு வந்து எல்லோர் முன்னாலும் கூசிப்போவாரோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்துத் தடவையாவது வாசல் படலைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

இரண்டு பெரிய பைகளோடு வந்தார்.

என் மச்சாள் மலர் வாயைத் திறந்துவிட்டாள். "அக்கா, நீங்கள் இந்த வருசம் சுடக்கூடாதெல்லே?"

"ஆரடி சுட்டது? பெட்டி கொண்டு வந்தனான். எல்லாரும் பலகாரத்தோட வருவியள், கொண்டுபோக ஒண்டும் கொண்டுவரமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

உண்மைதான். பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கே அந்த யோசனை வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் என் கடைச் சரக்கு இல்லை.

"எங்கயக்கா வாங்கினனீங்கள்?"

"உன்ர எதிர்க்கடையில."

"ஏன், என்ர கடை பூட்டியோ கிடந்தது?"

"உன்னட்ட வந்தால் காசு வாங்கமாட்டாய். அவர் போன நாளில இருந்து இதே கூத்து. நான் காசு குடுத்துச் சாமான் வாங்கிற ஆள், பிள்ளை."

நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரக்கப்பட்டே நல்ல வாடிக்கையாளரை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்த வியாபாரிகள் வேறு யாராவது இருக்கிறீர்களா?