வாப்பாவைக் கொட்டிய சங்கு

வலையிலிருந்து உதறிய சேறும் செத்த நண்டும் வெயிலில் காயும்போது ஒரு வீச்சம் எழும். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அதிராம்பட்டினம் கரையில் வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்த வீச்சத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். சவூதியிலிருந்து வாப்பா 'லீவு'க்கு வந்திருந்தார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு வாப்பாமார் அப்போது விருந்தாளிகள்தான். அவர் திரும்பிப் போகும் நாள் நெருங்கியிருந்தது. போகக்கூடாது என்று நான் ரகசியமாக அல்லாவிடம் 'துஆ' கேட்டுவந்தேன்.

மீனவர்கள் ஒதுக்கிப் போட்ட குவியலில் ஒரு சங்கு கிடந்தது. கூம்பாக, வழவழவென்று, செம்பழுப்பில் வலை பின்னிய கோலத்தோடு. வேண்டும் என்று கேட்டேன். என்னிடம் தருவதற்கு முன் சேற்றைத் துடைக்க வாப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். உள்ளே நத்தை உயிரோடு இருந்ததும், இரையைக் குத்திக் கொல்லும் நஞ்சூசி அதற்கு உண்டு என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது. "என்னமோ கொட்டிருச்சு" என்றார், சிரித்துக்கொண்டே. வீடு வருவதற்குள் உதடு மரத்து, இமைகள் தொங்கிவிட்டன.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். உடம்பு தேறுவதற்குள் விசா முடிந்து, அவர் வேலையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டிருந்தார். "நாம எங்க இருந்தாலும் அல்லா படியளப்பான்" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். துபாயிலிருந்த மாமா ஒரு விசா அனுப்பினார். சாவைத் தொட்டு வந்தவரை மறுபடி அனுப்ப உம்மாவுக்கு மனமில்லை. பிளஸ் டூ முடித்துக் காலேஜில் சேரக் காத்திருந்த என் அண்ணன், நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடுபவர், வாப்பாவுக்குப் பதிலாகப் போனார். வேன் கிளம்பியபோது உம்மா அழுதார். நான் வாப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, என் துஆ பலித்த சந்தோஷத்தோடு கையசைத்தேன்.

அதன்பிறகு தினமும் வாப்பாவின் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனேன். அவர் தாறுமாறாகப் பின்னிவிட்ட சடையோடு.

போன வருஷம் வாப்பா 'மௌத்'தானார். காக்கா வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. கபர்ஸ்தானுக்குப் போய்த் திரும்பியவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வாப்பா வீட்டுக்குள்ள எப்புடி நடப்பாரு, எப்புடிப் பேசுவாருன்னு எனக்கு நெனப்பே வரமாட்டேங்குது புள்ள. நீ சொல்லு."

காக்கா சிறுபிள்ளையாக இருந்தபோது வாப்பா சவூதியில். வாப்பா ஊரில் இருந்த காலமெல்லாம் காக்கா துபாயில். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. நிறுத்தவும் கூச்சமாக இருந்தது, தொடரவும் கூச்சமாக இருந்தது.