ஆனைக்கல்லும் அவளுடைய சுவரும்

எங்கள் வீட்டு ஹோலில், தொழுகைப் பாய் விரிக்கிற பக்கத்துச் சுவரில், பனி மூடிய மலை ஒன்று பல வருசமாகத் தொங்கியது. பிளாஸ்டிக் சட்டம், கீழே ஒரு நீல ஏரி, எந்த நாடோ தெரியாது. வாங்கியவள் என் மனைவி. அதைக் கழற்றிவிட்டு நான் கீறிய படத்தை மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் வீடு அவளுடைய சீதன வீடு. பெண் பிள்ளை இருந்தால் எங்கள் ஊர் வழக்கப்படி அவளுக்குப் போயிருக்கும். எங்களுக்கு ஆண் பிள்ளைகள்தான், ஆகவே இன்னும் அவள் கையில் இருக்கிறது. கல்முனையில் ஒருவர் உதவியும் இல்லாமல் மூன்று துணிக்கடை திறந்தவன் நான். அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் அவளிடம் கேட்க வேண்டும்.

கேட்டேன்.

"அந்த மலையை விட வடிவா ஒண்டு கீறிட்டு வாங்க, பாப்பம்" என்றாள். பிறகு அவளும் ஒரு சட்டம் போட்டாள். "உயிருள்ளது ஒண்டும் இருக்கப்படா. நான் தொழுற இடம்."

"ஒரு காகம் கூடவா?"

"ஒரு நுளம்பும் வேணாம்."

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். என்றாலும் நிறத்தைப் பற்றி என்னிடம் யாரும் கதைக்க வரக் கூடாது. மீசை முளைக்க முதலே மருதமுனையில் நூலுக்குச் சாயம் காய்ச்சியிருக்கிறேன். நனைந்த நூல் காட்டுகிற நிறம் பொய், காய்ந்தால் வெளிறும். நீர்வர்ணமும் அதே குணம்தான். ஈரத்தில் பார்த்து நீலம் போதும் என்று நிறுத்தினால், காய்ந்த பிறகு கடல் சவர்க்காரத் தண்ணியாகக் கிடக்கும். நான் கொஞ்சம் கூட்டியே வைப்பேன். படத்தில் எதை எங்கே வைப்பது என்பதைச் சாறி விற்றுப் படித்தேன். தலைப்பின் வேலைப்பாடு நடு உடம்பில் வந்தால் அந்தச் சாறியை யார் உடுப்பார்? தோணியோ கல்லோ, எது தலைப்போ அதை ஒரு பக்கம் ஒதுக்குவேன். மிச்சம் வெறுமையாகக் கிடக்கட்டும்.

நுரையில் மட்டும் சறுக்கினேன். வெள்ளை பூசிப் பூசிப் பார்த்தேன், கடலில் தயிர் கொட்டியது போல் வந்தது. கடதாசியைத் தொடாமல் விட்டால் அதுதான் நுரை என்று பிடிபடுவதற்குள் ஒரு குழாய் வெள்ளை வர்ணம் முடிந்துபோனது. அதையும் நானாகவே கண்டுபிடித்தேன். அது ஊருக்கெல்லாம் தெரிந்த விசயம் என்றான் மனைவியின் தம்பி, என் மச்சான். அவனுக்குப் பொறாமை.

முதலில் ஒலுவிலுக்குப் போய், கடல் அரித்த கரையைக் கீறி வந்தேன். "இது என்ன, கடிச்ச ரொட்டியா?" என்றாள். மலை அசையவில்லை.

அடுத்தது பொத்துவில் பஸ். அறுகம்பேக்கு அப்பால் கடலை ஒட்டி ஒரு பெரிய கல் நிற்கிறது. அதை வலப் பக்கம் ஒதுக்கினேன். நிழலுக்குக் கறுப்பைத் தொடவில்லை, நீலத்தில் காவியைக் கலந்தேன். நுரையை விட்டேன். அலைப் பலகையோடு போன வெள்ளைக்காரன் ஒருவன் நின்று பார்த்துப் பெருவிரலைக் காட்டினான். விசயம் தெரிந்த ஆள்.

வீட்டில் அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு."

நான் சுத்தியலை எடுக்கப் போனேன்.

"நில்லுங்க. இது ஆனை தானே?"

"கல்லு."

"கல்லுக்கு என்னத்துக்குத் தும்பிக்கை?"

"அது கல்லுட நுனி."

"கண்ணும் கிடக்கு."

"அது பொந்து, புள்ள!"

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். "அட, ஆனைக்கல்லு! அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க மச்சான்!" அவன் என்னைப் புகழ்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

"பேரே ஆனையாம்" என்றாள் அவள்.

"படைச்சவன் அப்படித்தானே படைச்சிருக்கான்?"

"அவன் படைச்சதை நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்க கீறினதைத்தான் சொல்றன்."

நனைத்த பஞ்சால் தும்பிக்கையை ஒத்தி எடுக்கப் பார்த்தேன். நிறம் கீழே கலங்கி, ஆனை தண்ணி குடிக்கத் தொடங்கிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

சிரித்து முடித்துச் சொன்னாள்: "என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்தக் கல்லை நான் பாக்கணும்."

பஸ்ஸில் தலை சுற்றும் என்று என்னோடு எங்கும் வராதவள், கையில் ஒரு தேசிக்காயை வைத்து முகர்ந்துகொண்டு பொத்துவில் வரை வந்தாள். கல்லைக் கண்டதும் "ஓம், ஆனைதான்" என்றாள். பிறகு அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள். கொஞ்சம் நடப்பாள், திரும்பிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், மறுபடி நடப்பாள். கடைசியில் தூரத்தில் குந்திக்கொண்டு கை காட்டினாள்.

"இஞ்ச வாங்க. இஞ்ச இருந்து பாத்தா கல்லு."

போய்ப் பார்த்தேன். தும்பிக்கை உடம்புக்குப் பின்னால் போயிருந்தது. வெறும் கல், பக்கத்தில் திறந்த கடல்.

"வெயில் முகத்துல அடிக்குதே" என்றேன்.

"தொப்பி போடுங்க."

தொப்பியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்து கீறத் தொடங்கினேன். வெயில் எதிரே இருந்ததால் கல் முழுக்க ஒரே இருட்டாகி, நுரை மட்டும் பளிச்சென்று நின்றது. அப்படி வரும் என்று எனக்கு முன்பே தெரியும். பாதியில் ஒரு காகம் வந்து கல்லில் குந்தியது.

"அதைக் கீறிடாதீங்க" என்றாள், இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டே.

இப்போது ஹோலில் அந்தப் படம்தான் தொங்குகிறது. பனிமலை படுக்கை அறைக்குப் போய்விட்டது. கண் விழித்தால் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்தால், நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் சொல்லிவிடுவாள்: "நான் இடம் பாத்துக் குடுத்தன், இவர் கீறினார்."

இடம் பார்ப்பதில் என்ன இருக்கிறது? வர்ணம் முழுக்க என்னுடையது.

தண்ணி குடிக்கிற ஆனையைக் கடையில், நான் உட்காருகிற கதிரைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அது என்னுடைய சுவர்.