பல் மட்டும் தெரிந்தால்

முட்டைப் பெட்டியைத் திறந்து, பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மளிகைக் கடைப் பையன் பிராடி கோவல்சுக் வாடிக்கையாளரின் பைக்குள் வைக்கிறான். அதுவரை வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் நிமிர்ந்தால் அத்தனை பேரும் புன்னகைக்கிறார்கள். கனடாவின் ரெஜைனா நகரத்துக்காரர்கள் தங்கமானவர்கள். காலை மிதித்தவனிடமும் இவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போவது இவ்வூர் வழக்கம். பிராடி விட மாட்டான். "புது மாத்திரை வாயை வறட்டுது. நேத்து மூணு தடவை அழுகை வந்துச்சு. உங்களுக்கு எப்படி?" என்பான். கேட்டவர் ரொட்டியை மறந்துவிட்டு ஓடுவார்.

இருபத்திரண்டு வயது. பத்தொன்பதில் மனச்சிதைவு வந்தது. காதில் கேட்ட குரல்களை மாத்திரை விரட்டிவிட்டது. எதிரே நிற்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று பிடிக்கும் வித்தை மட்டும் திரும்பவில்லை. அதற்காகச் செவ்வாய்தோறும் மனநல மையத்தில் மார்ட்டா என்ற பயிற்சியாளர் முகப் படங்களைக் காட்டி வகுப்பெடுக்கிறாள். பல் தெரிந்து கண்ணோரமும் சுருங்கினால் மகிழ்ச்சி. பல் மட்டும் தெரிந்தால் மரியாதை.

ஒரு வாரம் கடையில் முகங்களை எண்ணிவிட்டு வந்து கேட்டான்: "அப்போ இந்த ஊர்ல யாருமே சந்தோஷமா இல்லையா?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்றாள் மார்ட்டா, பல் மட்டும் தெரிய.

கடையில் அவனுக்கு மூன்று மாதச் சோதனைக் காலம். வேலை நிரந்தரமானால் அம்மா வீட்டுக் கீழ்த்தளத்தை விட்டுத் தனி அறைக்குப் போகலாம். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

அது முடிந்த வெள்ளியன்று மேலாளர் ஷெல்லி உள்ளே அழைத்தாள். ஆள் நல்லவள், யாரையும் நோகடிக்கத் தெரியாது. "பிராடி கண்ணா, நீ எங்களுக்குக் கிடைச்ச வரம். நீ எங்க குடும்பம். கடை இப்போ வேற திசையில போகுது, அவ்வளவுதான். உனக்கு இந்தக் கதவு எப்பவும் திறந்திருக்கும்!"

பிராடி அம்மாவுக்குப் போன் போட்டான். "அம்மா, நான் குடும்பத்துல ஒருத்தனாம்!"

திறந்த கதவு வழியாகச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்து நின்றான். வேலைப் பட்டியலில் பெயர் இல்லை. பாவம், மறந்துவிட்டாள் என்று பென்சிலால் தானே எழுதிக்கொண்டான். ஷெல்லி பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு ஒரு டோனட் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிறும் திங்களும் அதே கதை. கடை முழுவதற்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. பிராடிக்காவது செவ்வாய்தோறும் வகுப்பு உண்டு. இவர்களை எந்த வகுப்பில் சேர்ப்பது?

செவ்வாயன்று மார்ட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் தொழிலில் நேராகச் சொல்வது குற்றம். "நீ என்ன நினைக்கிற, பிராடி?"

"எனக்கே தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வரேன்?"

"யாருக்குத் தெரியுமோ, அவங்களையே கேளேன்."

புதன் காலை, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டான். "ஷெல்லி, ஒண்ணு கேக்கணும். எனக்கு வேலை போயிடுச்சா?"

"ஐயோ கண்ணா, நீ எங்களுக்கு எவ்வளவு..."

"அது தெரியும். போயிடுச்சா, இல்லையா?"

ஷெல்லியின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி. இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே" என்றான். தனி அறை போயிற்று. அது அவனுக்கு வலித்தது. இடுப்பில் கட்டியிருந்த கடை ஏப்ரனை அவிழ்த்தான். எதிரே ஷெல்லி அழுதுகொண்டிருந்தாள். அவன் ஏப்ரனை உதறி, கறை படாத பக்கம் வெளியே வரும்படி மடித்து, முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளிடம் நீட்டினான்.