பெயரை மாற்றினால் போதுமா?

நான் கட்டுரை அனுப்பும் மனநல ஆய்விதழின் தலைமை ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கசங்கிய பாத்திக் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். எந்தக் கட்டுரையையும் இரண்டு முறை வாசிப்பார். இரண்டாம் முறை, அதில் வரும் நோயாளி தான்தான் என்று நினைத்துக்கொண்டு வாசிப்பாராம்.

என் நோயாளி ஒருவரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையோடு ஒருநாள் பாசிர் கூடாங் என்ற தொழிற்சாலை ஊரில் உள்ள என் கிளினிக்குக்கே வந்துவிட்டார். எனக்கு எரிச்சல். அந்த அம்மாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியாயிற்று, பெயரையும் மாற்றியாயிற்று, இன்னும் என்ன?

“டாக்டர், இங்க ஃபேக்டரி பஸ் ஓட்டுற தமிழ்ப் பொம்பளைங்க எத்தனை பேரு?”

“எனக்குத் தெரிஞ்சு ஒருத்தங்கதான் லா,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

“நல்ல கட்டுரை டாக்டர். ஆனா அவங்க பஸ்ல ஏறுறவங்களும் இதைப் படிக்கலாம்ல?” என்று பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். கட்டுரையில் இருந்த ஊரையும் பஸ் ஓட்டும் வேலையையும் நானே அடித்துவிட்டேன்.

இன்றும் காலையில் சிக்னலில் அந்த பஸ் என் காருக்குப் பக்கத்தில் நின்றால், அந்த அம்மா மேலிருந்து கை அசைப்பார். நானும் கூசாமல் கை அசைக்கிறேன். மனசுக்குள் அந்த ஆசிரியருக்கு ஒரு நன்றி. பஸ் நிறைய ஆட்கள்; ஒருவருக்கும் எதுவும் தெரியாது.